சமையலறை ஜன்னலில் கறிவேப்பிலை வளருமா?

"கறிவேப்பிலை வைத்தேன், வரவில்லை. புதினா வைத்தேன், அதுவும் போய்விட்டது. எனக்குக் கைராசியே இல்லை." வீவக அடுக்குமாடி வீடுகளில் வசிக்கும் இல்லத்தரசிகள் பலர் சொல்லும் குறை இது. ஆசையோடு வாங்கி வந்த செடி முதல் மாதம் தளதளவென்று நிற்கும். இரண்டாம் மாதம் அடி இலைகள் மஞ்சளாகி உதிரும். மூன்றாம் மாதம் தொட்டியில் ஒரு குச்சிதான் மிச்சமிருக்கும். அதையும் தூக்கிப் போட மனம் வராமல், துளிர்க்கும் துளிர்க்கும் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொவிட்-19 முறியடிப்புத் திட்டத்தால் சிங்கப்பூரில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது இந்த ஆசை பெரிதாகப் பரவியது. அதற்குச் சற்று முன்னர், மார்ச் 16ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்ததும், காய்கறி வருமா வராதா என்ற கவலை இங்கே பல வீடுகளில் எழுந்தது. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வரவழைக்கும் ஊரில் அந்தக் கவலை இயல்பானதுதான். அதே ஆண்டு தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்குக் கீரை, காய்கறி விதைப் பொட்டலங்களை இலவசமாக அனுப்பியது. விதைத்தவர்கள் ஏராளம். அறுவடை செய்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

உண்மையில் இதில் கைராசிக்கு இடமே இல்லை. வீட்டுக்குள் வைக்கும் வாசனைச் செடிகள் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டே இரண்டு. வெளிச்சம் போதாமல் போவது ஒன்று. தண்ணீர் கூடிப்போவது மற்றொன்று. உரம், பூச்சி, மண் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. எந்தச் செடி தனக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். எந்தச் செடி அங்கே பிழைக்கும் என்பதை அந்த வீட்டு ஜன்னல் முடிவு செய்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததுதான் தொல்லை.

கண்ணை நம்ப வேண்டாம்

"எங்கள் வீட்டுக் கூடம் நல்ல வெளிச்சமாக இருக்குமே" என்று பலர் சொல்வதுண்டு. மனிதக் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். இருட்டான இடத்துக்குப் போனால் கண்ணின் பாவை விரிந்துகொள்கிறது, வெயிலில் சுருங்கிக்கொள்கிறது. ஆகவே வெளிச்சத்தில் இருக்கும் பெரிய வித்தியாசம் நமக்குச் சிறியதாகவே தெரிகிறது. செடிக்கு அந்த வசதி இல்லை.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். நண்பகல் வெயிலில் திறந்த வெளியில் ஏறக்குறைய 100,000 லக்ஸ் இருக்கும். இரவில் விளக்குப் போட்ட கூடத்தில் இருப்பது சில நூறு லக்ஸ்தான். பகலில் ஜன்னலை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி வைத்தால், செடிக்குக் கிடைப்பது பல வீடுகளில் ஆயிரம் லக்ஸைத் தாண்டாது. அதாவது வெயிலில் கிடைப்பதில் நூறில் ஒரு பங்கு. நூறு பிடி சோறு சாப்பிடுகிறவருக்கு ஒரு பிடி போட்டு, "ஏன் இளைத்துப் போனாய்?" என்று கேட்பதுபோன்றது இது. தேநீர் மேசை நடுவில் துளசியையும் ரோஸ்மேரியையும் வைத்து எடுத்த படங்களைச் சஞ்சிகைகளில் பார்க்கலாம். படம் எடுத்த மறுநாள் அந்தச் செடிகள் வெளியே போயிருக்கும்.

வீட்டில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு முழம் மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் தனித்தனியாகத் தெளிவாக விழுந்தால் அது வெயில் விரும்பும் செடிக்கான இடம். கை என்று தெரிகிறது, விரல்களின் ஓரம் மங்கலாக இருக்கிறது என்றால் நிழல் தாங்கும் செடிகளுக்கு அது போதும். நிழலே விழவில்லை என்றால், அங்கே விளக்கு வைக்காமல் எதுவும் வளராது. இந்தச் சோதனையைக் காலை, நண்பகல், மாலை என மூன்று முறை செய்ய வேண்டும்.

இங்கே நண்பகல் என்பது பன்னிரண்டு மணி அல்ல. சிங்கப்பூர் 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்று ஆகிவிடுகிறது. காலை ஏழு மணியளவில் உதயம், மாலை ஏழு மணியளவில் அஸ்தமனம்.

திருஷ்டியா, சூரியனா?

இன்னொரு புதிரும் இங்கே பலரைக் குழப்புகிறது. பொங்கலுக்கு வாங்கி வைத்த செடி மாசி வரை அருமையாகத் துளிர்க்கிறது. அக்கம்பக்கத்தார் பார்த்து, "அடேயப்பா, என்ன செழிப்பு!" என்கிறார்கள். வைகாசி, ஆனி வரும்போது அதே செடி சோர்ந்து இலை உதிர்க்கிறது. இடம் மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. கண்பட்டுவிட்டது என்று சொல்வதைத் தவிர வேறு காரணம் தோன்றுவதில்லை.

காரணம் வானத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில், ஒரு பாகைக்கும் கொஞ்சம் கூடுதலான தொலைவில் உள்ளது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் மாதத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே செல்கிறது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை அது நமக்கு வடக்கே சாய்ந்து போகிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. ஆகவே தெற்குப் பார்த்த ஜன்னலில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மேகம் விலகும்போதெல்லாம் நேர் வெயில் விழும். ஜூன் மாதத்தில் அங்கே வெயில் எட்டிப் பார்க்காது. வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு இதற்கு நேர் எதிர். கிழக்கும் மேற்கும் பார்த்த ஜன்னல்களுக்குத்தான் ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் உறுதி. அந்த இரண்டிலும் கிழக்கே சிறந்தது. காலை வெயில் இதமானது. மேற்கு வெயில் சிறிய தொட்டியையே சூடாக்கி வேரை வாட்டிவிடும்.

இப்போது அந்தச் செடிக்குச் செய்ய வேண்டியது எளிது. ஏப்ரல் பிறந்ததும் அதை வடக்கு ஜன்னலுக்கோ கிழக்கு ஜன்னலுக்கோ மாற்றிவிட வேண்டும். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதால் செடிக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இடத்தையும் மாற்றிவிடுவது நல்லது.

எதிரே இன்னொரு புளோக் உயர்ந்து நின்றாலோ, ஜன்னலுக்கு மேலே கூரைத்திட்டு நீண்டிருந்தாலோ இந்தக் கணக்கு மாறும். சாயம் பூசிய கண்ணாடியும், அடர்த்தியான இரும்புக் கம்பியும் வெளிச்சத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். கண்ணாடியைத் திறந்து வைப்பதே செடிக்குப் பெரிய உதவி.

தாகமா, மூச்சுத் திணறலா?

வீட்டுக்கு வந்த மாமியார் செடியைப் பார்க்கிறார். "என்னம்மா, இப்படி வாடிக் கிடக்கு? தண்ணி ஊத்தலையா?"

"காலையில நான் ஊத்தினேன், அத்தை. மத்தியானம் பணிப்பெண்ணும் ஊத்தியிருப்பா."

"அப்ப போதலை போலிருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

செடியைக் கொல்வது இந்த அன்புதான். வேருக்குத் தண்ணீர் தேவைப்படுவதுபோலவே காற்றும் தேவை. மண் துகள்களுக்கு இடையே உள்ள சிறு சிறு இடைவெளிகளில் எப்போதும் தண்ணீரே நின்றுகொண்டிருந்தால், வேருக்குப் பிராணவாயு கிடைக்காது. வேர் அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்தின் நடுவிலேயே செடி வாடும். பார்ப்பவருக்கு அது தாகமாகத் தெரியும். மேலும் ஊற்றுவார். வீட்டுக்குள் வெயிலும் காற்றும் குறைவு என்பதால், வெளியே ஒரே நாளில் காய்ந்துவிடும் மண் இங்கே நாலைந்து நாள் ஈரமாகவே கிடக்கும்.

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளை வழியே வெளியேறும் அளவுக்கு நிறைய ஊற்றலாம். தினமும் கால் டம்ளர் என்று கணக்கு வைத்து ஊற்றுவது சரியல்ல. தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்ல வழி. ஈர மண்ணுக்கும் உலர்ந்த மண்ணுக்கும் உள்ள எடை வித்தியாசம் ஒரு வாரத்திலேயே கைக்குப் பழகிவிடும். முக்கியமாக, வீட்டில் ஒருவர் மட்டுமே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளோக்குக்குக் கீழேயிருந்து தோண்டி எடுத்து வரும் சிவந்த களிமண் தொட்டிக்கு உதவாது. நாலு முறை தண்ணீர் ஊற்றியதும் அது செங்கல்போல் இறுகிவிடும். தென்னை நார்த் தூளும் மக்கிய எருவும் கலந்த லேசான கலவையே தொட்டிக்கு ஏற்றது. தண்ணீர் வடிவதற்காகத் தொட்டியின் அடியில் கூழாங்கற்களைப் போடும் வழக்கம் இருக்கிறது. அதனால் பயனில்லை. ஈரம் கற்களுக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்கு இருக்கும் இடம்தான் குறையும். துளை இருந்தால் போதும், அது அடைபடாமல் இருக்க வேண்டும்.

ஒரு தட்டுத் தண்ணீர்

ஆனால் துளை வழியே வெளியேறிய தண்ணீர் எங்கே போகிறது? தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்குகிறது. வீட்டுக்குள் செடி வளர்க்கும் விஷயத்தில் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத பகுதி இதுதான். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள், தெளிந்த தண்ணீரில், நாணய அளவு ஈரம் இருந்தாலும் முட்டையிடும். இங்குள்ள வெப்பத்தில் முட்டை பறக்கும் கொசுவாக மாறுவதற்கு ஒரு வாரம் போதும். 2020ஆம் ஆண்டில், கொவிட்டைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வேளையில், சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோரை டெங்கி பாதித்தது. அதுவரை எந்த ஆண்டிலும் காணாத எண்ணிக்கை அது. மக்கள் வீட்டிலேயே இருந்ததும், கொசு வீட்டிலேயே இருந்ததும் சேர்ந்துகொண்டன.

தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். மறுபடி ஈரம் பட்டதும் பொரிக்கும். ஆகவே தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது தொட்டியைக் கழுவுதொட்டிக்கு எடுத்துச் சென்று, ஊற்றி, முழுவதும் வடிந்த பிறகு திரும்ப வைத்தால் தட்டே தேவையில்லை. சிறிய தொட்டிகளுக்கு இது நல்ல பழக்கம். மேல்மண் இறுகிப்போனால் அதன் மீதும் தண்ணீர் குளம்போல் நிற்கும். தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் கொசு ஒழிப்பு வழிகளில், இறுகிய மண்ணைக் கிளறிவிடுவது என்பதும் ஒன்று. அது இதற்காகத்தான்.

புதினாக் காம்பையும் கெசும் தண்டையும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வேர் விடச் செய்பவர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, டம்ளரின் உட்புறத்தையும் வேரையும் கழுவிவிட வேண்டும். சமையலறை அலமாரியில் பத்து நாள் மறந்துபோன ஒரு டம்ளர், அந்தத் தளத்தில் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் ஆபத்து.

தமிழர் வீட்டுக்கு வேண்டியவை

நம் சமையலுக்கு முதலில் வேண்டியது கறிவேப்பிலை. வருத்தத்துக்குரிய உண்மை என்னவென்றால், வீட்டுக்குள் வளர்க்க அவ்வளவாக ஒத்துவராத செடியும் அதுதான். எலுமிச்சை, நாரத்தை குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர் வெயில் கேட்கும். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த, மறைப்பில்லாத ஜன்னல் இருந்தால் ஒரு முழ ஆழத் தொட்டியில் வைக்கலாம். முதல் ஆண்டு மெல்லத்தான் வளரும். அந்த ஆண்டில் அதைத் தாளிக்க எடுக்காமல் இருப்பது நல்லது. இது சொல்வதற்கு எளிது.

பிறகு பறிக்கும்போதும் ஒரு முறை இருக்கிறது. அவசரத்துக்கு ஒவ்வோர் ஈர்க்காக அடியிலிருந்து உருவிக்கொண்டே போனால் செடி ஒற்றைக் குச்சியாக மேலே ஓடும். அதற்குப் பதிலாக, நுனித் தண்டை நாலைந்து ஈர்க்குகளோடு வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை பிரியும். குருத்தை வெட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் குருத்தை வெட்டாத கறிவேப்பிலை கொடிக்கம்பு மாதிரிதான் நிற்கும். துளசிக்கும் புதினாவுக்கும்கூட இதே முறைதான். பூ எடுத்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். பூத்த பிறகு இலைக்கு மணம் குறையும்.

இலையில் பறவை எச்சம்போல ஏதோ ஒட்டியிருந்தால் துடைக்கும் முன் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். வளர்ந்ததும் பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோல ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். நாலு புழு சேர்ந்தால் சின்னச் செடியை ஒரே வாரத்தில் மொட்டையாக்கிவிடும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால், ஒன்றை மட்டும் விட்டுவைத்து வேடிக்கை காட்டலாம். அதன் விலை பத்து ஈர்க்குக் கறிவேப்பிலை. இன்னொரு பூச்சியிடம் அந்தத் தாராளம் கூடாது. எலுமிச்சை வகைச் செடிகளின் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியேறும். எலுமிச்சையை அழிக்கும் நோய் ஒன்றைப் பரப்புவது அந்தப் பூச்சிதான். ஆகையால் சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய லீமாவ் தொட்டியையும் கறிவேப்பிலைத் தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

புளித்த மோர் ஊற்றினால் கறிவேப்பிலை செழிக்கும் என்பது நம் பாட்டிமார் சொன்ன வழி. கொல்லையில் நிற்கும் மரத்துக்கு அது சரி. அங்கே மண்புழுவும் மழையும் அதைச் செரித்துவிடும். பத்தாவது மாடியில் ஒரு முழத் தொட்டியில் ஊற்றினால் நாற்றமும் எறும்பும் சிறு ஈக்களும்தான் வரும். தேயிலைச் சக்கை, முட்டை ஓடு இவற்றுக்கும் இதுவே பதில். மாதம் ஒரு கைப்பிடி மக்கிய எருவே போதுமானது.

அடுத்தது கொத்தமல்லி. அது குளிர்காலப் பயிர். நம் ஊரின் 31, 32 பாகை வெயிலில், இலை விடும் முன்பே பூவெடுக்க ஓடும். பெரிய செடியாக வளர்க்க ஆசைப்படாமல், அகலத் தட்டில் நெருக்கமாக விதைத்து, நாலு வாரத்தில் கீரைபோல் மொத்தமாக அரிந்துகொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். மல்லி விதை என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு விதைகள் சேர்ந்த ஒரு காய். உள்ளங்கையால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். முளைக்க ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். நாற்றைப் பிடுங்கி வேறு தொட்டிக்கு மாற்றினால் அதன் ஆணிவேர் பொறுத்துக்கொள்ளாது.

புதினா இவற்றைவிட இரக்கமுள்ளது. தேக்காவில் வாங்கும் கட்டிலிருந்து பருத்த காம்புகள் நாலைந்தை எடுத்து, அடி இலைகளைக் கிள்ளித் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். அது படர்ந்து ஓடும் செடி. ஆழத் தொட்டி வேண்டாம், அகலத் தொட்டி வேண்டும். மூன்று மணி நேரக் காலை வெயில் போதும். கற்பூரவல்லி இன்னும் எளிது. ஒரு துண்டுத் தண்டை மண்ணில் செருகினால் வந்துவிடும். பஜ்ஜிக்கும், பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் கஷாயத்துக்கும் ஆகும். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி என்பதால், மறந்துபோகும் வீட்டில் நன்றாகவும், அக்கறை கூடிய வீட்டில் மோசமாகவும் இருக்கும்.

வெயில் எட்டாத ஜன்னலுக்கு

பல வீடுகளில் சமையலறை ஜன்னலுக்கு நேர் வெயிலே கிடையாது. அங்கே கறிவேப்பிலைக்காகப் போராடுவதைவிட, இந்த வட்டாரத்துக் காட்டு நிழலில் பிறந்த செடிகளைத் தேடிப் போவது அறிவுடைமை. அவை நமக்கு அந்நியமானவையும் அல்ல. மூன்று நான்கு தலைமுறையாக மலாய்க்காரர்களோடும் பெரனாக்கான் குடும்பங்களோடும் பக்கத்தில் வாழ்ந்த தமிழர் வீடுகளில், ரம்பை இலை போடாத நெய்ச்சோறு அபூர்வம்.

அந்தப் பாண்டான் செடி ஜன்னலோர வெளிச்சத்திலேயே வளரும். அதற்கு விதை கிடையாது. தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து வைப்பதுதான் ஒரே வழி. எனவே அதைக் கடையில் வாங்குவதைவிட யாரிடமாவது கேட்டு வாங்குவதே வழக்கம். பாஸ்மதி அரிசி வேகும்போது எழும் மணத்துக்குக் காரணமான அதே வேதிப்பொருள்தான் பாண்டான் இலையிலும் இருக்கிறது. சாதாரண அரிசியில் ஒரு முடிச்சுப் பாண்டான் போட்டதும் சோற்றின் தரமே உயர்ந்துவிட்டதுபோல் தோன்றுவது மாயை அல்ல.

லக்சாவுக்குப் போடும் கெசும் இலை ஈரத்தை விரும்பும். மற்ற செடிகளைக் கொல்லும் அதிகத் தண்ணீரை இது பொறுத்துக்கொள்ளும். மீன் குழம்பில் இரண்டு இலை போட்டால் கவுச்சி அடங்கும். கடுக் இலை வெற்றிலைக்கு உறவு. நல்ல நிழலிலும் படரும். வெற்றிலையும்கூட, பற்றிக்கொள்ள ஒரு கம்பு இருந்தால் வெயில் படாத வெளிச்சத்தில் ஏறும். வெள்ளிக்கிழமை பூசைக்கு நாலு இலை வீட்டிலேயே கிடைப்பது சிலருக்குப் பெரிய மனநிறைவு. ரெண்டாங்கில் போடும் மஞ்சள் இலைக்காக, கடையில் வாங்கும் பச்சை மஞ்சள் கிழங்கு ஒன்றைப் புதைத்து வைக்கலாம்.

கொத்தமல்லி இல்லாமல் ரசமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நீண்டு, ஓரமெல்லாம் ரம்பப் பல்போல இருக்கும் ஓர் இலை தாய்லாந்து, வியட்நாம் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. மலாய்க்காரர்கள் அதைக் கெத்தும்பார் ஜாவா என்பார்கள். மணம் கொத்தமல்லியேதான், ஆனால் மூன்று மடங்கு முரடு. கொதித்தாலும் மணம் போகாது. ஒரு பானை ரசத்துக்கு ஓர் இலை தாராளம். வெயிலில் வைத்தால் சீக்கிரம் முள்ளுப் பூவெடுத்துவிடும். நிழலில் வைத்தால்தான் நிறைய இலை விடும். வீவக சமையலறைக்கென்றே பிறந்த செடி என்று சொல்லலாம். ஏனோ நம்மவர் வீடுகளில் இதை அதிகம் காண முடிவதில்லை.

ரோஸ்மேரி, தைம் போன்ற மத்தியதரைக் கடல் செடிகளைப் பேரங்காடியில் அழகான சிறு தொட்டியில் விற்கிறார்கள். வறண்ட காற்றுக்கும் கல் மண்ணுக்கும் பழகிய அவை, நம் ஈரக் காற்றில், அதுவும் வீட்டுக்குள், சில வாரங்களுக்கு மேல் தாங்குவது கடினம். பூங்கொத்து வாங்கியதாக நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

விளக்கும் கணக்கும்

ஜன்னலே உதவாது என்றால் விளக்கு இருக்கிறது. செடிகளுக்கென்று விற்கும் எல்இடி விளக்கு 20 வாட் எடுத்துக்கொள்கிறது, நாளுக்குப் 12 மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 7.2 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று கணக்கிட்டால் இரண்டு வெள்ளிக்குச் சற்று அதிகம். ஆனால் அந்த விளக்கு செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்க வேண்டும். கூரையில் மாட்டினால் மின்சாரம்தான் செலவாகும். இப்படிப்பட்ட விளக்கின் கீழ் புதினா, துளசி, கொத்தமல்லித் தட்டு நன்றாக வரும். கறிவேப்பிலைக்கு அது போதாது.

விளக்கும் வேண்டாம், வெயிலும் இல்லை என்பவர்களுக்கு வெந்தயம் இருக்கிறது. இரவு ஊறவைத்து, ஈரமான தென்னை நார்த் தூள் பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவினால், இரண்டு நாளில் முளைத்து, பத்து நாளில் அரியலாம். விதையிலேயே இருக்கும் சத்தை வைத்து வளர்வதால் வெளிச்சம் அதிகம் தேவையில்லை. சப்பாத்தி மாவில் பிசைய ஒரு கைப்பிடி கிடைக்கும்.

இதில் பணம் மிச்சமாகுமா? கறிவேப்பிலை விஷயத்தில் ஆகாது. தொட்டி, மண், எரு விலைக்குத் தேக்காவில் சில ஆண்டுகளுக்கு வேண்டிய கறிவேப்பிலையை வாங்கிவிடலாம். நாலு பேர் குடும்பத்துக்குத் தினமும் தாளிக்கும் அளவுக்குச் சின்னத் தொட்டிச் செடி கொடுக்கவும் கொடுக்காது. கெசும், புதினா, பாண்டான் வகைகளில்தான் லாபம். ஐந்து இலை தேவைப்படும் நாளில் ஒரு கட்டு வாங்கி, மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் கறுக்கவிட்டு, ஒரு வாரம் கழித்துக் குப்பையில் போடுவது நின்றுபோகும்.

உள்ளே வெளிச்சம் இல்லை என்று தொட்டிகளை வீட்டுக்கு வெளியே பொதுத் தாழ்வாரத்தில் வைப்பவர்கள், நடக்க 1.2 மீட்டர் அகல வழி விட வேண்டும். தீ என்றால் தூக்குப் படுக்கை போக வேண்டிய வழி அது. தாழ்வாரச் சுவரின் மேலும், ஜன்னலுக்கு வெளியே உள்ள திட்டிலும் தொட்டி வைக்கவே கூடாது. வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது என்பது உண்மை. பலத்த காற்றில் ஐந்து கிலோ தொட்டி பத்து மாடி கீழே விழுந்தால், அடியில் நடப்பவர் பிழைக்க மாட்டார் என்பதும் உண்மை.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் தமிழகம் போகிறவர்கள் செடியை என்ன செய்வது? வாளித் தண்ணீரில் துணித் திரியைப் போட்டு மறுமுனையைத் தொட்டியில் புதைத்துவிட்டுப் போகும் உபாயம் ஒன்று உண்டு. பூட்டிய வீட்டில் திறந்த வாளியை மூன்று வாரம் வைத்துவிட்டுப் போவது கொசுவுக்கு விருந்து வைப்பதாகும். கற்பூரவல்லியையும் பாண்டானையும் நன்றாக ஊற்றி, வடியவிட்டு, வெயில் படாத இடத்தில் தட்டில்லாமல் வைத்துவிட்டுப் போகலாம், தாங்கும். புதினாவை அடியோடு அரிந்து சட்னி அரைத்துவிட்டு, தொட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது உத்தமம். கொடுக்கும்போது, விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது துளிர்த்திருக்கும்.